இந்தப் பாலத்துக்கு யார் விலை கொடுத்தது? – வாசகர் கேள்வி பதில்

விமர்சகர்கள் கொண்டாடும் பழைய படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். நான் சினிமா படித்தவள் அல்ல. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு இரவுகளில் வீட்டில் படம் பார்க்கிறேன். பார்த்ததில் எனக்குப் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்.

அக்கா, உலகின் தலைசிறந்த படம் என்று பல காலம் சொல்லப்பட்ட 'சிட்டிசன் கேன்' எனக்குச் சலிப்பாக இருந்தது. இதை வெளியே சொல்லலாமா?
– வாசகர், தெஹிவளை

தாராளமாகச் சொல்லுங்கள், தம்பி. பிரித்தானியாவின் 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை பத்தாண்டுகளுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1941இல் வந்த இந்தப் படம் 1962 முதல் 2002 வரை எல்லா வாக்கெடுப்பிலும் முதலிடம் பெற்றது. 2012இல் 'வெர்டிகோ' அந்த இடத்துக்கு வந்தது. 2022இல் 'ஜான் டீல்மன்'. விமர்சகர்களே மனம் மாறுகிறார்கள்; நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

படத்தின் நாயகனான கேன் என்ற செல்வந்தன் மீது எனக்கும் அன்பு வரவில்லை. சிலைகளாலும் பெட்டிகளாலும் மாளிகையை நிரப்புகிறான். எனக்கு அவனுடைய துயரம் எட்டவேயில்லை. ஆனால் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சிக்காக மட்டும் படத்தை மீண்டும் பார்ப்பேன். வீட்டுக்குள் கேனின் தாய், சிறுவனான அவனை ஒரு வங்கிக்காரரின் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். பின்னால், ஜன்னலுக்கு அப்பால், பையன் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். மேசையும் பத்திரமும் தூரத்துப் பையனும் ஒரே தெளிவில் தெரிகிறார்கள். தன் வாழ்க்கை உள்ளே பேசி முடிக்கப்படுவது அவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு காட்சியை எடுத்தபோது இயக்குநர் ஓர்சன் வெல்ஸுக்கு வயது 25.

நீங்கள் சொல்லும் 'ஜான் டீல்மன்' படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை நீண்ட நேரம் காட்டுகிறார்களாமே. நான் தினமும் செய்கிற வேலையைத் திரையில் வேறு பார்க்க வேண்டுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

சகோதரி, உங்களைப் போன்றவர்கள்தான் இதை முதலில் பார்க்க வேண்டும். 1975இல் ஷாந்தால் அகெர்மன் எடுத்த படம். 201 நிமிடம் ஓடுகிறது. பிரசெல்ஸ் நகரில் மகனுடன் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். சமைக்கிறாள், சப்பாத்தைத் துடைக்கிறாள், படுக்கையை மடிக்கிறாள். பிற்பகல்களில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பெறும் பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் சூப்புக் கிண்ணத்துக்குள் போட்டு மூடுகிறாள். அந்த மூடியின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பானையைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அறைக்கு அறை நடக்கிறாள். வேறு எந்தப் படத்திலும் இது ஒரு சம்பவமாகவே இருக்காது. இங்கே எனக்கு நெஞ்சு படபடத்தது. வீட்டு வேலைக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது, அதனால் யாரும் அதை எண்ணுவதில்லை. இந்தப் படம் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணுகிறது. மூன்றாம் நாளைப் பற்றி இங்கே சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பாருங்கள்.

நண்பர்களுடன் கித்துல்கலவுக்குப் படகுச் சவாரி போனபோது, 'த பிரிட்ஜ் ஓன் த ரிவர் குவாய்' எடுத்த இடத்தைக் காட்டினார்கள். ஏழு ஒஸ்கார் வாங்கிய படமாம். பார்க்கத்தான் வேண்டுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பாருங்கள், ஆனால் ஒரு கேள்வியோடு பாருங்கள்.

டேவிட் லீன் இயக்கி 1957இல் வந்த படம் இது. களனி கங்கையின் குறுக்கே மரத்தால் ஒரு பாலத்தை உண்மையாகவே கட்டி, இறுதியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் கைதியாக இருந்தும், எதிரிக்காகக் கட்டும் பாலத்தைத் தன் பெருமையாக்கிக்கொள்ளும் ஆங்கிலத் தளபதியாக அலெக் கினஸ் நடித்தார். சிறந்த நடிகர் விருதும் அவருக்கே. அவர் நடையும் பிடிவாதமும் அபாரம். கடைசி இருபது நிமிடமும் நான் அசையவில்லை.

ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு ஏட்டில் விடுபட்ட வரி உடனே கண்ணில் படும். படத்தில் வரும் பாலம், ஜப்பானியர் 1942, 1943இல் கட்டிய சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியன்மார்) ரயில் பாதைக்கானது. அந்தப் பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளம். அதில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள்; ஏறத்தாழ 90,000 என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். கொலராவும் பசியும் காடும் அவர்களைத் தின்றன. படத்தில் பாலம் கட்டுகிறவர்களிடையே அவர்களில் ஒருவரைக்கூட நான் காணவில்லை. புனைகதையைத் தழுவிய படம், வரலாற்றுப் பாடம் அல்ல என்று சொல்வார்கள். சரி. ஆனாலும் உலகம் முழுவதும் அந்தப் பாதையை இந்தப் படத்தின் வழியாகவே நினைவில் வைத்திருக்கிறது. அதுவும் தமிழர் வாழும் ஒரு நாட்டின் ஆற்றில் எடுக்கப்பட்ட படத்தில் அந்தத் தமிழர்கள் இல்லை. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. ஒஸ்கார் ஏழு அல்ல, எழுபது வாங்கியிருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

இந்தப் படப்பிடிப்பை நேரில் பார்த்த ஒரு மட்டக்களப்புச் சிறுவனுக்கு அங்கேதான் சினிமா ஆசை பிறந்தது. அவர்தான் பாலு மகேந்திரா. அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் 1988இல் எடுத்த 'வீடு' எனக்கு 'குவாய்'யை விடப் பெரிய படம். அலுவலகம் போகும் ஒரு பெண் சிறு வீடு கட்ட முயல்கிறாள், அவ்வளவுதான் கதை. கடன், முன்பணம், சீமெந்து, இழுத்தடிக்கும் ஒப்பந்தக்காரர் என்று ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது படத்துக்குத் தெரியும். கட்டட வேலைக்கு வரும் சித்தாள் பெண்ணுக்கும் அதில் முகமும் குரலும் நியாயமும் உண்டு. வீடு கட்டும் பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரையும் என்னால் மறக்க முடியாது. கொழும்பில் ஒரு துண்டுக் காணிக்கு அலைந்தவர்கள் இதைப் பார்த்தால் இரவு தூங்க மாட்டார்கள்.

'பதேர் பாஞ்சாலி'?
– வாசகி, மருதானை

முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். 1955இல் வந்த வங்காளப் படம், சத்யஜித் ராய் இயக்கியது. பணமில்லாமல் படப்பிடிப்பு நின்று நின்று நடந்தது. சத்யஜித் ராயின் மனைவியின் நகைகள்கூட அடகுக்குப் போயின. பிறகு மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. எல்லோரும் ரயில் காட்சியைச் சொல்வார்கள். எனக்கு அந்த முதிய அத்தை. ஒரு வாய்ச் சோற்றுக்காகப் பிறர் முகம் பார்த்து வாழும் கிழவியாக வரும் சுனிபாலா தேவியைப் பாருங்கள்.

நம் நாட்டுப் படம் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், கொழும்பு 13

இரண்டு சொல்கிறேன். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' (1972): கடனில் மூழ்கியவன் புதையலுக்காக ஒரு பெண்ணைத் தேடி மணக்கிறான், காமினி பொன்சேகாவின் கண்களைக் கண்டு பயந்தேன். அடுத்தது 'பொன்மணி' (1977). தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர், காவலூர் இராஜதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்தின் சீதனத்தையும் சாதியையும் தமிழிலேயே படமாக்கினார். நம்மவர்கள் இதைத் தேடிப் பார்க்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

பன்னிரண்டு வயது மகனுக்கு இவற்றில் எதை முதலில் காட்டலாம்?
– தாய், பம்பலப்பிட்டி

மேலே உள்ளவற்றில் எதையும் வேண்டாம். 'பைசிக்கிள் தீவ்ஸ்' காட்டுங்கள். இத்தாலியில் விட்டோரியோ டி சிகா எடுத்தது, 1948. ஒன்றரை மணி நேரம்தான். வேலைக்குச் சைக்கிள் வேண்டும் என்பதற்காக மனைவி படுக்கை விரிப்புகளை உருவி அடகு வைக்கிறாள். அதே சைக்கிள் களவு போகிறது. சாப்பாட்டுக் கடையில் தகப்பனும் மகனும் அமர்ந்து, அந்தச் சம்பளம் மாதம் எவ்வளவு வந்திருக்கும் என்று தாளில் கூட்டிப் பார்க்கும் இடத்தில் மகனின் பக்கம் திரும்பிப் பாருங்கள். அவனும் மனதில் கூட்டிக்கொண்டிருப்பான். இறுதியில் தகப்பன் செய்வதைப் பற்றி அவன் நிறையக் கேட்பான். ஆகவே மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாத இரவாகப் பார்த்துப் போடுங்கள்.