எல்லா முடிவும் ஒருவரிடம்: திருப்பூரிலிருந்து ஒரு கடிதம்

(கடிதம் நீளமானது. எழுதியவரையும் கம்பெனியையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.)

வணக்கம் சார்,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். நூல் வாங்குவதில் ஆரம்பித்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் வரை எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று ஓனர் தன் செல்லிலேயே பார்த்துக்கொள்ளலாம். நானும் ஒரு நண்பனும் ஆரம்பித்தோம். அவன் பாதியில் விலகிவிட்டான். ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது 26 பேர் இருக்கிறோம், 110 கம்பெனிகள் எங்கள் சாஃப்ட்வேரில் ஓடுகின்றன.

இரண்டு வருஷமாக இந்த 110 நகரவில்லை. பத்து கம்பெனிகள் புதிதாக வந்தால் எட்டு போய்விடுகின்றன. ஆள் சேர்த்துப் பார்த்தேன், வேலைதான் கூடியது. எல்லாம் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. ஓனர்கள் என் செல்லுக்குத்தான் கூப்பிடுவார்கள், நான் சொன்னால்தான் எங்கள் பையன்கள் செய்வார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி கேட்பதால் இன்றைக்கு நாற்பது விதமான கோட் (புரோகிராம்) தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு வருஷம் கூட இருந்த சீனியர் டெவலப்பர் போன மாதம் போய்விட்டார். போகும்போது, "எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்றீங்க, அப்புறம் நான் எதுக்குண்ணா?" என்றார்.

என் கேள்விகள் மூன்று. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கும் ஒருவரை வி.பி. சேல்ஸ் (விற்பனைத் தலைவர்) ஆக எடுக்கலாமா? ஒரு முதலீட்டாளர் மூன்று கோடி தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? போன டெவலப்பரை மறுபடி கூப்பிடலாமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி இருக்கிறது: ஓனர்கள் என் செல்லுக்குத்தான் கூப்பிடுவார்கள், நான் சொன்னால்தான் பையன்கள் செய்வார்கள். கொஞ்சம் பெருமையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமை நியாயமானதும்கூட, ஒன்பது வருஷம் சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் சர்வர் படுத்தபோதெல்லாம் ஓடிப்போய் நின்று சம்பாதித்த நம்பிக்கை அது. ஆனால் உங்கள் கம்பெனி நின்றுபோனதும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் இருந்தபோது யார் யாரோடு பேச வேண்டும் என்று ஜோடி சேர்த்தால் 15 ஜோடி வரும். 26 பேர் ஆனதும் அது 325. இத்தனை பேரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதால், யாரும் திட்டம் போடாமலே, எல்லாரும் உங்களிடம் வந்து கேட்கும் பழக்கம் உண்டாகிவிட்டது, நீங்களும் கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொன்னீர்கள், பதில் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது, அதனால் அது அப்படியே கெட்டிப்பட்டுப் போனது. இன்றைக்கு நீங்கள் ஒரு டெமோவுக்குக் கோயம்புத்தூர் போனால் ஆபீசில் பாதி வேலை நிற்கும். எங்கள் பையன்களுக்குப் பொறுப்பு இல்லை என்று கடிதத்தின் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தான் எடுத்த முடிவை சாயங்காலம் நீங்கள் வந்து மாற்றிவிடுவீர்கள் என்று நாலு தடவை பார்த்தவர், ஐந்தாவது தடவை காத்திருக்கத்தான் செய்வார்.

அந்த நாற்பது கோட் விஷயமும் இதே வேரில் வந்ததுதான். ப்ராசஸ் லாஸை எடுத்துக்கொள்ளுங்கள். துணி டையிங் போய்த் திரும்பும்போது எடை குறையும், அந்தக் குறைவை யார் கணக்கில் எப்படி எழுதுவது என்பதில் திருப்பூரில் ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு வழி உண்டு. ஒருவர் லாட் வாரியாகக் கேட்பார், இன்னொருவர் ஆர்டர் முடிந்ததும் மொத்தமாகக் கேட்பார், மூன்றாமவர் டையிங் பார்ட்டியின் டெலிவரி சலானில் இருக்கும் எடைதான் கடைசி என்பார். ஒவ்வொருவரும் உங்களைக் கூப்பிட்டு "எங்களுக்கு மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்றார்கள், நீங்களும் "செஞ்சிரலாங்க" என்றீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பதில் ஒரு வாடிக்கையாளரைக் காப்பாற்றியது. ஆனால் ஜிஎஸ்டியில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் இப்போது நாற்பது இடத்தில் திருத்தி நாற்பது தடவை டெஸ்ட் செய்ய வேண்டும், அந்தச் செலவை ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு) தொகையில் யாரும் உங்களுக்குத் தருவதில்லை. 26 பேரில் எத்தனை பேர் புதிய பார்ட்டிகளுக்காக வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் பழைய ஒப்புதல்களைக் காப்பாற்ற வேலை செய்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பார்ட்டி வாரியாகப் போன மணி நேரத்தை ஒரு பக்கமும் அவர் தந்த ஏ.எம்.சி.யை இன்னொரு பக்கமும் எழுதினால், உங்களுக்கு நஷ்டம் தருகிற பத்துப் பதினைந்து பெயர்கள் மேலே வந்து நிற்கும். அதில் உங்கள் பழைய நெருங்கிய வாடிக்கையாளர்கள் சிலரும் இருப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உங்கள் பார்ட்டிகளின் அக்கவுண்ட்ஸ் அறையிலேயே இருக்கிறது. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர். 1986-இல் பெங்களூரில் பாரத் கோயங்கா அதை எழுதத் தொடங்கியது தன் அப்பாவின் தொழிலுக்குக் கணக்குப் பார்க்க. அந்தத் தொழில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்வது, டெக்ஸ்டைல் மில்களும் அதில் உண்டு. ஒரு வீட்டுக்காக எழுதியது நாடெங்கும் போனதற்குக் காரணங்கள் பல, ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒன்று: மூல சாஃப்ட்வேர் எல்லாருக்கும் ஒன்றே. தனக்கென்று ஒரு ரிப்போர்ட், ஒரு இன்வாய்ஸ் வடிவம் வேண்டுமென்றால் அதற்கு டிடிஎல் என்று தனியாக ஒரு மொழி, அதைக் கற்றுக்கொண்ட பார்ட்னர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், அவர்கள் எழுதிக் கொடுத்துத் தங்கள் கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்குக் கேட்டது கிடைக்கிறது, மூலம் கெடுவதில்லை, இடையில் ஒருவருக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. நீங்கள் டிடிஎல் மாதிரி ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. ப்ராசஸ் லாஸுக்கு இருக்கும் எல்லா வழிகளையும் கூட்டிப் பார்த்தால் நாலைந்து முறைதான் தேறும். அவற்றை செட்டிங்கில் தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டு, அதற்கு வெளியே கேட்பவர்களுக்கு விலை சொல்லுங்கள். பீஸ் ரேட், ஷிப்ட் கூலிக்கும் இதுவே வழி. நாற்பதை ஒன்றாக்க ஒரு வருஷம்கூட ஆகலாம், அந்த வருஷம் புதிய வசதிகள் அதிகம் வராது என்று பார்ட்டிகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

சரி, போனுக்கு வருவோம், கஷ்டமான பகுதி இதுதான். முடிவுகளைப் பிரித்துக் கொடுங்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் ஒரு மேனேஜரிடம் பிரித்துக் கொடுத்த மறுநாளே ஒரு பெரிய ஓனர் உங்கள் செல்லுக்குக் கூப்பிட்டு, உங்க ஆள் முடியாதுங்கிறார், நீங்க சொல்லுங்க என்பார். அந்த ஒரு போனில் நீங்கள் சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அந்த மேனேஜர் இனி எந்த ஓனரிடமும் பேச மாட்டார். "அவர்தாங்க இதைப் பார்க்கிறார், அவரையே கூப்பிடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் தனியாக உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். அவர் எடுத்தது நீங்கள் எடுத்திருக்கக்கூடியதிலிருந்து வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். பணமோ பெயரோ போகும் என்றால் மாற்றுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அந்த 'ஏன்' என்பதை எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். இந்தப் பார்ட்டிக்கு பீஸ் ரேட் ஸ்கிரீனை மாற்ற மறுத்தோம், காரணம் இது. அந்தப் பார்ட்டிக்கு ஏ.எம்.சி. குறைத்தோம், காரணம் இது என்று ஒரு பொதுவான இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி, நாலு வரி. சட்டதிட்டமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நடந்த விஷயத்தைக் காரணத்தோடு எழுதினால் சப்போர்ட்டில் இருக்கும் பெண்கூட அதைப் படித்துவிட்டு அடுத்த கேஸில் உங்களைப் போலவே யோசிப்பார். ஒன்பது வருஷமாக உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற சரக்கு இது, கம்பெனியின் உண்மையான சொத்தும் இதுதான் என்பேன். விலை, மேல்மட்ட ஆட்களைத் தேர்வது, எதைச் செய்யவே மாட்டோம் என்பது, இந்த மூன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுசாகக் கொடுங்கள். டையிங் மாட்யூல் ஒருவருடையது என்றால் அதில் என்ன வரும், எப்போது ரிலீஸ், எந்த பக் முதலில் என்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இப்போது வி.பி. சேல்ஸ். வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். உங்கள் 110 கம்பெனிகளும் எப்படி வந்தன? பெரும்பாலும் ஒரு ஓனர் இன்னொருவரிடம் சொல்லி, அல்லது ஒரு ஆடிட்டர் சொல்லி, பிறகு நீங்களே போய் உட்கார்ந்து பேசி. பெங்களூரிலிருந்து வருபவருக்கு இதில் ஒன்றும் கைவராது, அவர் திறமையில்லாதவர் என்பதால் இல்லை, விற்பதற்கு அவர் கையில் உங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதால். வாடிக்கையாளர் சேவைக்கான சாஃப்ட்வேர் விற்கும் ஃப்ரெஷ்டெஸ்க் (இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ்) கதையை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் ஒரு பள்ளியை முதல் வாடிக்கையாளராக இணையம் வழியே பிடித்தவர்கள் அவர்கள். முகம் பார்க்காமல் வாங்குகிற பொருள் அது. உங்கள் பொருளை வாங்குபவர் செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்று காட்டச் சொல்வார். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: வெளியிலிருந்து டென்னிஸ் வுட்சைடை 2022 செப்டம்பரில் பிரெசிடென்ட் ஆகக் கொண்டுவந்தார்கள், சிஇஓ ஆக்கியது 2024 மே மாதத்தில். அவ்வளவு பெரிய கம்பெனியே வெளியாள் ஒருவர் உள்ளே பழக ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்திருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது, பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த ஒருவரை எடுத்து ஒரு வருஷம் உங்களோடு எல்லா டெமோவுக்கும் கூட்டிப்போவது. அவர் தனியாகப் போய்ப் பத்து கம்பெனி பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு சேல்ஸ் டீம் பற்றிப் பேசலாம்.

முதலீடு. வளரும் கம்பெனிகளில் பணம் போடும் ஒரு வென்ச்சர் ஃபண்டுக்குப் பெரும்பாலும் பத்து வருஷ ஆயுள், அதற்குள் போட்ட பணம் பல மடங்காகித் திரும்ப வேண்டும், அதாவது உங்கள் கம்பெனியை யாராவது வாங்க வேண்டும் அல்லது அது பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். திருப்பூரை மட்டும் நம்பி அந்தக் கணக்கு நேராகாது. இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் பார்ட்டிகள் எல்லாரும் ஒரே நாளில் அடிவாங்குகிறவர்கள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது பார்த்தோம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் பார்த்தோம். அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996-இல் தொடங்கிய ஜோஹோவுக்கு இதே அனுபவம் உண்டு. டெலிகாம் கருவி செய்யும் கம்பெனிகளுக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள், 2001 சரிவில் அந்தக் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன, அதன் பிறகுதான் சாதாரண கம்பெனிகளின் ஐடி துறைக்கு விற்கும் மேனேஜ்என்ஜின் வந்தது. வெளி முதலீடு வாங்காததால், யாருக்கும் பதில் சொல்லாமல் திசை மாற்ற அவர்களுக்கு அவகாசம் இருந்தது. உங்களுக்கும் லூதியானா, கரூர் என்று அடுத்த சந்தைகள் இருக்கின்றன. ஆனால் நாற்பது கோடோடு அங்கே போனால் அது அறுபதாகும். மூன்று கோடி வந்தால் அது இன்னும் வேகமாக ஆகும். கோட் ஒன்றான பிறகு, கரூரில் உங்கள் கைக்காசில் பத்து கம்பெனி பிடித்த பிறகு, அதே முதலீட்டாளரிடம் போங்கள், அன்றைக்குப் பேச்சும் வேறாக இருக்கும், அவர் கேட்கும் பங்கும் குறைவாக இருக்கும்.

டெவலப்பர் விஷயத்தில், கூப்பிடுங்கள், ஆனால் வேலைக்குக் கூப்பிட வேண்டாம். வேறு இடத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, உடனே திரும்பி வந்தாலும் பழைய கம்பெனிக்குத்தான் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வரச்சொல்லி, கடந்த ஒரு வருஷத்தில் அவர் எடுத்து நீங்கள் மாற்றிய முடிவுகள் எவையெவை என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாட்யூலை யாரிடம் முதலில் முழுசாக ஒப்படைப்பது என்பது அந்தப் பட்டியலிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.