ஒரே கொத்தில் பிறந்த நட்சத்திரங்களை ஏன் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்?

"திறந்த விண்மீன் கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வாயு மேகத்திலிருந்து ஒரே காலத்தில் பிறந்தவை என்கிறார்களே, அப்படியானால் ஒன்றுக்கு மட்டும் உயர் பிரிதிறன் நிறமாலை எடுத்தால் போதாதா, ஏன் ஐம்பது அறுபது என்று அளக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷம் இந்த வேலையை மட்டுமே செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றாகப் பிறந்தவை என்பதால்தான் ஒவ்வொன்றாக அளக்கிறோம்.

தனியாகத் திரியும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லித்தியம் குறைவாக இருக்கிறது. பிறக்கும்போதே குறைவா, வாழ்நாளில் எரிந்துபோனதா? வயது சரியாகத் தெரியாது, ஆரம்பக் கலவையும் தெரியாது, என்ன பதில் சொன்னாலும் ஊகம்தான். கொத்தில் அப்படி இல்லை. வயது, தூரம், பிறந்தபோது இருந்த கலவை மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது. மாறுவது நிறை, சுழலும் வேகம், துணை நட்சத்திரம் உண்டா இல்லையா என்பது போன்ற சில விஷயங்கள்தான். ஆகவே அங்கே இரண்டு நட்சத்திரங்கள் வேறுபட்டால், பிறந்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது என்று தைரியமாகத் தேட ஆரம்பிக்கலாம்.

சரி, உயர் பிரிதிறன் எதற்கு? நட்சத்திரத்தின் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்தால் வருவது நிறமாலை. அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்கும், அந்த இடங்கள் இருண்ட கோடுகளாகத் தெரியும். அலைநீளத்தை, பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய அலைநீள இடைவெளியால் வகுத்தால் வருவதுதான் பிரிதிறன். அது 50,000 என்றால் 6000 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்) அருகே 0.12 ஆங்ஸ்ட்ராம் வரை பிரித்துப் பார்க்கலாம். லித்தியத்தின் கோடு 6707.8 ஆங்ஸ்ட்ராமில் விழுகிறது, அதற்குப் பக்கத்திலேயே 6707.4-ல் இரும்பின் ஒரு மெல்லிய கோடு. இடைவெளி வெறும் 0.4. பிரிதிறன் 2000 மட்டும் உள்ள கருவியில் இரண்டும் ஒரே பள்ளமாகத் தெரியும், இரும்பை லித்தியம் என்று எண்ணிவிடுவோம். ஆக்சிஜனுக்கு நாம் நம்பியிருக்கும் 6300 ஆங்ஸ்ட்ராம் கோட்டில் நிக்கல் வந்து ஒட்டிக்கொள்கிறது, கூடவே நம் வளிமண்டலத்தின் கோடுகளும் அந்தப் பகுதியில் குறுக்கே வரும். இதையெல்லாம் பிரித்தெடுக்கத்தான் எஷெல் வகை நிறமாலைமானிகள். சிலியில் உள்ள ஹார்ப்ஸ் கருவியின் பிரிதிறன் 1,15,000. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களை எடுக்கும் ஆஸ்திரேலியாவின் ஹெர்மீஸ் சுமார் 28,000-த்தோடு நிறுத்திக்கொள்கிறது, அங்கே நோக்கம் எண்ணிக்கை.

நிறமாலை கையில் வந்த பிறகு நடக்கும் வேலையைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. இரும்பின் கோடுகள் நூறு இருக்கும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியை விழுங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு ஒரு வெப்பநிலையை ஊகித்து, எளிதில் கிளர்ச்சியடையும் கோடுகளும் சிரமப்பட்டுக் கிளர்ச்சியடையும் கோடுகளும் ஒரே அளவு இரும்பைச் சொல்கிறதா என்று பார்க்கிறோம். சொல்லவில்லை என்றால் வெப்பநிலையை மாற்றுகிறோம். நடுநிலை இரும்பும் அயனியாக்கப்பட்ட இரும்பும் ஒத்துப்போகும்வரை மேற்பரப்பு ஈர்ப்பை மாற்றுகிறோம். மெல்லிய கோடுகளும் தடித்த கோடுகளும் ஒத்துப்போகும்வரை, வளிமண்டலத்தில் சின்ன அளவில் நடக்கும் வாயுக் கொந்தளிப்பின் வேகத்தை மாற்றுகிறோம். மூன்றும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை, ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் நகரும்.

இங்கேதான் கொத்து எனக்குக் கைகொடுத்தது. வயதாகி வீங்கிய ஒரு சிவப்பு ராட்சத நட்சத்திரத்தில் மட்டும் இரும்பு, அதே கொத்தில் உள்ள மற்றவற்றைவிட 0.15 டெக்ஸ் (பத்தின் அடுக்கில் சொல்லும் அளவு, 1 டெக்ஸ் என்றால் பத்து மடங்கு) குறைவாக வந்தது, அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. சில வாரங்கள் அதிலேயே கிடந்தேன். கடைசியில் பார்த்தால், நான் எடுத்த பட்டியலில் தடித்த கோடுகள் அதிகம், அதனால் கொந்தளிப்பு வேகம் கூடுதலாக அமைந்து இரும்பின் அளவை இறக்கிவிட்டிருந்தது. அந்தக் கோடுகளை நீக்கியதும் அது தன் உடன்பிறப்புகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அது தனி நட்சத்திரமாக இருந்திருந்தால் அந்தத் தவறான எண் அப்படியே ஒரு அட்டவணைக்குள் போயிருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

உறுப்பினர் யார், வழியில் குறுக்கே நிற்பவர் யார் என்பதையும் நிறமாலைதான் உறுதி செய்கிறது. கோடுகள் நகர்ந்திருக்கும் அளவிலிருந்து, நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று தெரியும். ஒரு கொத்துக்குள் இந்த வேகங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 1 கிலோமீட்டர் அளவுக்குள்தான் வேறுபடும், அதனால் வெளியாள் உடனே மாட்டிக்கொள்வார். 2018-ல், நட்சத்திரங்களின் தூரத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் இரண்டாம் தரவுத் தொகுப்பு வந்த பிறகு இந்த வேலை மிகவும் எளிதாகிவிட்டது. ரோகிணி என்று நாம் கூப்பிடும் அல்டிபரான், ஹயடீஸ் கொத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தாலும் உறுப்பினர் இல்லை. அது 65 ஒளியாண்டில், கொத்து சுமார் 150 ஒளியாண்டில்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஒன்றை மட்டும் அளந்தால் போதும் என்றால், எதை அளப்பீர்கள்?

கார்த்திகைக் கொத்தை எடுத்துக்கொள்வோம். வயது 10 கோடி வருஷத்துக்குச் சற்று மேல். அதில் சூரியனைவிடக் குளிர்ச்சியான கே வகை நட்சத்திரங்கள் பல, ஒரே நிறை, ஒரே வெப்பநிலை. ஆனால் லித்தியம் மட்டும் பத்து மடங்குக்கு மேல்கூட வேறுபடுகிறது! வேகமாகச் சுழல்பவற்றில் பெரும்பாலும் அதிகம், மெதுவாகச் சுழல்பவற்றில் குறைவு. லித்தியம் சுமார் 25 லட்சம் கெல்வினில் அழிந்துவிடும், ஆகவே மேற்பரப்பு வாயு எவ்வளவு ஆழத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஹயடீஸில் இன்னொரு விசித்திரம். 6600 கெல்வின் சுற்றி உள்ள, சூரியனைவிடச் சூடான எஃப் வகை நட்சத்திரங்களில் லித்தியம் திடீரென்று பள்ளத்தில் விழுகிறது, இரண்டு பக்கமும் மேலே இருக்கிறது. 1986-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். இளமையான கார்த்திகையில் அந்தப் பள்ளம் இல்லை. எனவே அது பிறவியில் வந்ததில்லை, பிற்பாடு மெல்ல மெல்ல உருவாவது. ஒற்றை நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எம்67 என்ற கொத்தின் கதை இன்னும் நுட்பமானது. வயது சுமார் 400 கோடி வருஷம், கலவை சூரியனுடையதைப் போலவே. அதில் மைய ஹைட்ரஜன் தீரும் கட்டத்தில் உள்ள நட்சத்திரங்களில், ராட்சத நட்சத்திரங்களைவிட இரும்பு போன்றவை ஏறக்குறைய 0.1 டெக்ஸ் குறைவாகத் தெரிகின்றன. கோடிக்கணக்கான வருஷங்களில் கனமான அணுக்கள் மெதுவாக உள்ளே மூழ்கிவிடுகின்றன, பிறகு நட்சத்திரம் ராட்சதமாக வீங்கும்போது ஆழமான கலக்கம் அவற்றைத் திரும்ப மேலே கொண்டுவருகிறது. அதே கலக்கம்தான் அணுக்கரு வினை நடந்த பகுதியின் வாயுவையும் இழுத்து வந்து, ராட்சதங்களில் கார்பனைக் குறைத்து நைட்ரஜனைக் கூட்டுகிறது. ஆக, மேற்பரப்பில் தெரிவதே பிறவிக் கலவை என்று யாராவது சொன்னால், எந்தப் பருவத்தில் அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

இதனால்தான் 2002-ல் ஃப்ரீமன், பிளாண்ட்-ஹாதார்ன் என்ற இரண்டு வானியலாளர்கள் முன்வைத்த வேதிக் கைரேகை யோசனை, அதாவது சிதறிப்போன கொத்துகளின் உறுப்பினர்களைக் கலவையை வைத்தே தேடிச் சேர்ப்பது, நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. ஒரே பருவத்து நட்சத்திரங்களை ஒப்பிட்டால் கொத்துக்குள் சுமார் 0.03 டெக்ஸ் அளவுக்கு ஒற்றுமை இருக்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் வேறு வேறு கொத்துகளின் கைரேகைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இதற்கு மேல் பேரியம் வேறு. இளம் கொத்துகளில் அது வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிகிறது, ஆனால் அதே வழியில் உருவாகும் லாந்தனம் அந்த அளவுக்கு உயரவில்லை. உண்மையிலேயே பேரியம் அதிகமா, இல்லை இளம் நட்சத்திரங்களின் காந்தச் செயல்பாடு தடித்த கோடுகளைக் கெடுக்கிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

நீங்களே பார்க்க ஆசைப்பட்டால், பெரிய வான்காணகங்களின் பழைய நிறமாலைகள் பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்த்திகையிலிருந்து ஒன்று, ஹயடீஸிலிருந்து ஒன்று, இரண்டும் 5000 கெல்வின் சுற்றி இருக்கும்படி எடுத்து, நட்சத்திரத்தின் வேகத்தால் கோடுகள் நகர்ந்திருப்பதை முதலில் சரிசெய்து, 6705 முதல் 6710 ஆங்ஸ்ட்ராம் வரை ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். இரும்புக் கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். 6707.8-ல் கார்த்திகை நட்சத்திரம் ஆழமாக இறங்கும், ஹயடீஸ் நட்சத்திரத்தில் அந்த இடம் ஏறக்குறைய சமதளமாக இருக்கும்.