உள்ளே துணி இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். தையல் மெஷின் ஒன்றின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதித் தரும் வேலை வந்திருக்கிறது. அட்ஜஸ்டபிள், ஆல்டரபிள், அடாப்டபிள், ஃப்ளெக்சிபிள், கஸ்டமைசபிள் என்று பக்கத்துக்கு நாலு வருகின்றன. அகராதியைப் புரட்டினால் சுற்றிச் சுற்றி ‘மாற்றத்தக்க’ என்பதிலேயே வந்து நிற்கிறேன். ஆங்கிலத்தில் இத்தனை இருக்க, நம்மிடம் ஒரே ஒரு சொல்தானா?

வாசகி, திருமங்கலம்

அன்புள்ள வாசகிக்கு,

தையல் மெஷின் என்றதும் எனக்கு மதுரைப் புது மண்டபம்தான் ஞாபகம் வந்தது. பெயர்தான் புது, திருமலை நாயக்கர் கட்டியது, வயது 400-ஐ நெருங்குகிறது. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றுவதற்கு முன்பு, அங்கே சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருமுறை மனைவியின் ஜாக்கெட் இரண்டை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டும் பிடிப்பாகிவிட்டன. டெய்லர் பாய் டேப்பை எடுக்கவே இல்லை. முதல் ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பி, பக்கத் தையலை விரலால் நீவிப் பார்த்தார். “உள்ள துணி விட்டிருக்காங்கம்மா. பிரிச்சு விட்டுரலாம்.” இரண்டாவது ரெடிமேடு. அதையும் திருப்பினார். தையலை ஒட்டி நறுக்கியிருந்தது. “இதுல ஒண்ணும் செய்ய முடியாதும்மா” என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆல்டரபிள் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை. ஆல்டர் என்பது லத்தீனில் ‘இரண்டில் மற்றொன்று’. பிரித்துத் தைத்தபின் அது பழைய ஜாக்கெட் இல்லை, கொஞ்சம் வேறு ஜாக்கெட். அதற்கு ஒரு டெய்லர் வேண்டும், கூலி வேண்டும்.

பாவாடை நாடா அப்படியா? காலையில் இறுக்கலாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தளர்த்தலாம், யாரையும் கேட்க வேண்டாம். பாவாடை அதே பாவாடைதான். இதுதான் அட்ஜஸ்டபிள். கூட்டவும் குறைக்கவும் முன்கூட்டியே வழி வைத்துச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இடுப்பில் எலாஸ்டிக் வைத்திருந்தால் அந்த வேலையும் நமக்கில்லை. இழுத்த இழுப்புக்கு அதுவே கொடுக்கும். ஃப்ளெக்சிபிளை அதன் பக்கம் சேர்க்கலாம், லத்தீன் வேர் ‘வளை’ என்பதாக இருந்தாலும்.

(மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க” என்கிறோமே, ஆங்கிலேயர் அந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போட மாட்டார், தள்ளி உட்காரச் சொல்வார். ஆனால் அட்ஜஸ்டின் மூலத்தில் இருக்கும் லத்தீன் சொல்லுக்குப் ‘பக்கத்தில்’ என்று பொருள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக நெருங்கி உட்காருகிறவர் வேரைத்தான் பிடித்திருக்கிறார்.)

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் பெயரடை குறைவாகத் தெரியலாம். வினையைப் பாருங்கள். மாறு, மாற்று. பொருந்து, பொருத்து. திருந்து, திருத்து. தானாக நடப்பதா, இன்னொருவர் செய்வதா என்பதை நாம் ஓர் எழுத்தை இரட்டித்தோ வல்லினமாக்கியோ சொல்லிவிடுகிறோம். ஆங்கிலச் ‘சேஞ்ச்’ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குகிறது. அதனால்தான் ‘சேஞ்சபிள்’ என்றால் மாறுவதா, மாற்றக்கூடியதா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ‘மாறி’, ‘மாறிலி’ என்று வைத்தவர்கள் இதை அறிந்தே வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

மீனாட்சி கல்யாணம் மாசியிலிருந்து சித்திரைக்கு மாறவில்லை. நாயக்கர் மாற்றினார் என்று ஊரில் சொல்வார்கள். வீதியின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை, அதுவாக மாறவும் இல்லை. சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதியில்தான் வருகிறது.

அடாப்டபிளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு மனிதரைச் சொன்னால், போன இடத்துக்குத் தக்கபடி தன்னைப் பொருத்திக்கொள்கிறவர். ஒரு கதையைச் சொன்னால், நாடகத்துக்கு ஏற்றபடி இன்னொருவர் மாற்றி எழுதக்கூடியது. தமிழில் அந்தக் ‘கொள்’ ஒன்றே இரண்டையும் பிரித்துவிடுகிறது. உயிரியல் பாடத்தின் ‘தகவமைப்பு’ நல்ல சொல்தான். ஒட்டகத்தோடு இருக்கட்டும், தையல் மெஷினுக்கு வேண்டாம்.

ஆகவே உங்கள் கையேட்டில் ‘மாற்றத்தக்க தையல் நீளம்’ என்று எழுதாதீர்கள். ‘தையலின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்’ என்று எழுதுங்கள். வாசகர் கை தானாகத் திருகு இருக்கும் இடத்துக்குப் போகும். நூல் டென்ஷனை டென்ஷன் என்றே விடுங்கள். ‘இழுவிசை’ என்று போட்டால் எந்த டெய்லரும் உங்களுக்குத்தான் போன் செய்வார்.

கஸ்டமைசபிள் என்று போட்டிருப்பதை மட்டும் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். நம்மூரில் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைத்து வாங்குகிறோமே, அந்த மாதிரி கேட்கிறவருக்குத் தக்கபடி செய்து தருகிறார்களா, இல்லை மேசையின் நிறத்தை மட்டும் நாம் சொல்லலாமா? நிறம் மட்டும்தான் என்றால் ‘விரும்பிய நிறத்தில் கிடைக்கும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.