புத்தகத்தில் 125, சேசியில் 250: வார இறுதிக்கு ஒரு டூ ஸ்ட்ரோக்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. கொக்குவிலில் இருக்கிறேன், தனியார் கொம்பனி ஒன்றில் வேலை. வேலைக்குப் போய்வர ஸ்கூட்டி உண்டு. சனி, ஞாயிறில் மட்டும் ஓடுவதற்கு ஒரு டூ ஸ்ட்ரோக் சுப்பர்மோட்டோ (மண் பாதை வண்டிக்கு வீதிச் சில்லுப் போட்டது) வாங்க வேண்டும் என்பது கனகால ஆசை. சுன்னாகத்தில் ஒரு அண்ணா யமஹா வை.இசட். 250 ஒன்றுக்கு 17 அங்குல ரிம் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் பதிவுப் புத்தகத்தில் யமஹா டி.ரி. 125 என்று கிடக்கிறது. பதிவிலுள்ள பெயர்க்காரர் இப்போது கனடாவில். அவர் கையொப்பமிட்ட ஓபன் பேப்பரோடு நாலு கை மாறி வந்திருக்கிறது. "சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்துத் தாறன், அது காணும்" என்கிறார் அண்ணா. 50,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். அடையாள அட்டைப் பிரதியும், நிரப்பாத படிவம் ஒன்றில் கையொப்பமும் கொடுத்திருக்கிறேன். வவுனியாவில் ஹொண்டா சி.ஆர்.எம். 250 ஒன்றும் விலைக்கு நிற்கிறது. அதன் புத்தகம் சரி, விலைதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வார இறுதியில் மட்டும் ஓடுவதற்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா? பிடிபட்டால் தண்டப்பணத்தோடு முடிந்துவிடும்தானே?

பதில்: முடியாது. சுன்னாகத்து வண்டியை வாங்காதீர்கள். முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அதற்கான வழியைக் கடைசியில் சொல்லுகிறேன். வவுனியா வண்டியைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் பார்க்க வேண்டியவை உண்டு.

வை.இசட். 250 பந்தயத் திடலுக்கென்று செய்யப்பட்ட 249 சி.சி. வண்டி. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்குத் தலைவிளக்கு இல்லை, சிக்னல் இல்லை, ஹோர்ன் இல்லை, வேகமானி இல்லை. டி.ரி. 125 வீதிக்கென்றே செய்யப்பட்ட வேறொரு வண்டி. ஆகவே உங்களுக்கு விற்கப்படுவது எஞ்சின் மாற்றிய டி.ரி. அல்ல. எங்கோ செத்துப்போன ஒரு டி.ரி.யின் புத்தகமும் இலக்கத் தகடும், அவற்றோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வண்டியும் சேர்த்து விற்கப்படுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய புத்தகங்களுக்கு வண்டியை விட மதிப்பு வந்ததை யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

எஞ்சினை மட்டும் மாற்றுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. புதிய எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, பரிசோதகர் பார்த்து, பதிவில் எஞ்சின் இலக்கத்தையும் சி.சி.யையும் திருத்திக் கொள்ளலாம். சேசி, அதாவது வண்டியின் சட்டகம், அப்படியல்ல. வண்டியின் அடையாளமே சேசி இலக்கம்தான். உங்கள் சுன்னாகத்து வண்டியில் ஹாண்டில் கழுத்தில் அடித்திருக்கும் இலக்கம் புத்தகத்தோடு ஒத்துவந்தால் அது இன்னும் மோசம்: வை.இசட். சேசியில் டி.ரி. இலக்கத்தை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒத்துவராவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது பதிவே இல்லாத வண்டி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையும் தடுக்கிறது. "வீட்டில் சும்மா நிற்குது" என்பது பதிலாகாது.

இதற்குப் பின்னால் சுங்கம் இருக்கிறது. துண்டு துண்டாகப் பாகங்கள் என்ற பெயரில் வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டி என்று தெரியவந்தால், சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்யப்படுவது வண்டி. அது அப்போது யாருடைய முற்றத்தில் நிற்கிறதோ அவருக்குத்தான் நட்டம். தெரிந்துகொண்டே போலி ஆவணத்தைப் பாவிப்பதும், களவுப் பொருளென்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பதும் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும் குற்றங்கள். புத்தகத்தில் 125, வண்டியில் 250 என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். இனி "எனக்குத் தெரியாது ஐயா" என்று நீதவானுக்குச் சொல்ல முடியாது.

சத்தியக்கடதாசிக்கு வருவோம். எங்கள் சனத்துக்கு அதில் ஒரு தனி நம்பிக்கை. ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சத்தியம் செய்து சொல்லும் காகிதம் அது, அவ்வளவுதான். தன்னிடம் இல்லாத உரித்தை அதைக் கொண்டு இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: விற்பவருக்கு என்ன உரித்து இருக்கிறதோ அதுதான் பொதுவாக வாங்குபவருக்கும் கிடைக்கும்.

பதிவுப் புத்தகம் காணி உறுதி அல்ல என்பதும் உண்மை. அதில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் நீதிமன்றங்களும் பார்க்கின்றன. ஆனால் நடைமுறையில் அந்தப் பெயருக்கு இருக்கும் கனம் ஒரு நாள் தெரியவரும். பண்ணைப் பாலத்தில் உங்களை மறிக்கிறார்கள் என்று வையுங்கள். ஆவணமும் வண்டியும் பொருந்தவில்லை. வண்டியை எடுத்துப்போய் நீதிமன்றத்தில் முற்படுத்துகிறார்கள். வழக்கு முடியும்வரை அதை விடுவிக்கச் சொல்லி நாங்கள் விண்ணப்பம் செய்தால், நீதவான் முதலில் கேட்பது "பதிவு உரிமையாளர் எங்கே?" என்பது. அவர் கனடாவில். உங்களிடம் இருப்பது நாலு கை மாறிய, திகதி போடாத கையொப்பம். வண்டி மாரி மழையில் நீதிமன்ற வளவில் நிற்கும். எந்த நீதிமன்ற வளவிலும் எட்டிப் பாருங்கள், புல் மூடிக் கிடக்கும் மோட்டார் சைக்கிள்களில் எத்தனை ஓபன் பேப்பர் வண்டிகள் என்று விளங்கும்.

ஓபன் பேப்பர் என்பது, பதிவு உரிமையாளர் எம்.டி.ஏ. 6 படிவத்தில் வெறுமனே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போவது. கை மாறிய 14 நாட்களுக்குள் புதியவர் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் சங்கிலியில் நாலு பேர் அதை மீறியிருக்கிறார்கள், ஐந்தாவது ஆளாக நீங்கள் சேரப்போகிறீர்கள். கனடாக்காரருக்கும் இது ஆபத்துத்தான். யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுச் சம்பவம் ஒன்றில் அந்த இலக்கத் தகடு கமராவில் பட்டால், பொலிஸ் முதலில் தட்டுவது அவருடைய தாய் தகப்பன் வீட்டுக் கதவை. பெயரை மாற்ற ஒருவரும் ஒத்துழைக்கவில்லை என்று முறையிடும் எல்லோருக்கும் நான் சொல்வது: வெளிநாட்டில் இருப்பவரிடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கள், அடுத்த கிழமையே ரொறொன்ரோ துணைத் தூதரகத்துக்குப் போய் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புவார். அதை இங்கே பதிந்து, அதன் பலத்தில் மாற்றத்தைச் செய்யலாம். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும் என்பதால் சுணங்கக் கூடாது. ஆனால் இந்த வழி புத்தகமும் வண்டியும் பொருந்துகிற இடத்தில் மட்டும்தான் உதவும். சுன்னாகத்து வண்டியை எந்தத் தத்துவத்தாலும் காப்பாற்ற முடியாது.

இனி உங்கள் "வார இறுதி". சட்டத்துக்கு அப்படி ஒரு கிழமை தெரியாது. வருமான அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு, காப்புறுதியும் வருடத்துக்கு. ஓடாத காலத்துக்குப் பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கசூரினா கடற்கரை வரை ஒரு சுற்றுக்கூடப் போக முடியாது. அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகையை வெளியே தள்ளுவதே புதிதாக வரும் பெற்றோல் கலவைதான். அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். பரிசோதனையில் அளப்பவற்றில் ஒன்று இந்த எரியாத ஐதரோகாபன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது, புகைக்குப் பயந்தவர்கள் அல்ல நாங்கள். ஆனாலும் சான்றிதழ் கொடுப்பது இயந்திரம்.

காப்புறுதிதான் எனக்கு மிகவும் பயமான இடம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். 125 சி.சி. டி.ரி. என்று சொல்லி எடுத்த காப்புறுதி, 249 சி.சி. பந்தய வண்டிக்கு எந்த அளவில் நிற்கும்? முக்கியமான விபரத்தைப் பிழையாகச் சொல்லி எடுத்த ஒப்பந்தத்தைக் காப்புறுதிக் கொம்பனி மறுக்கலாம். இந்த எஞ்சின்கள் கீழே மந்தமாக இருந்து, எஞ்சின் சுழலும் வேகம் ஓரளவைத் தாண்டியதும் சடாரென்று இழுக்கும். அந்த இழுவைக்குத்தான் ஆசைப்படுகிறீர்கள், எனக்கு விளங்குகிறது. கோண்டாவில் ஒழுங்கை ஒன்றில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அது விளங்காது. அசட்டையான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறை. அதோடு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அந்த நட்டஈட்டை உங்கள் சம்பளத்திலும் காணியிலும் இருந்து கட்ட வேண்டிவரும். "தண்டப்பணம்தானே" என்று கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு. ஏ வகுப்பு வேண்டும்.

வவுனியா சி.ஆர்.எம். 250 வீதிக்கென்றே யப்பானில் செய்யப்பட்ட டூ ஸ்ட்ரோக். 40 குதிரைவலு. இந்த ஊர் வீதிக்கு அது தாராளம் என்பது என் அபிப்பிராயம், உங்கள் வயதில் நானும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். சி.ஆர்.எம். 250ஆர் என்றால் சேசி இலக்கம் எம்.டி. 24 என்றும், பின்னால் வந்த ஏ.ஆர். என்றால் எம்.டி. 32 என்றும் தொடங்க வேண்டும். அதை ரோர்ச் அடித்து நீங்களே வாசியுங்கள். இலக்கத்தைச் சுற்றி அரம் போட்ட தடமோ புதுப் பெயின்ற்றோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திணைக்களத்தில் பணம் கட்டிப் பதிவேட்டுப் பிரதி எடுத்தால், இப்போதைய உரிமையாளர், எஞ்சின் இலக்கம், லீசிங் கொம்பனி எதுவும் பதியப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். புத்தகத்தைப் பார்த்தேன் என்பது காணாது, புத்தகமும் அச்சடிக்கக் கூடிய பொருள்தான்.

சுப்பர்மோட்டோ ஆக்கும்போது முன்னுக்கு 21 அங்குலச் சில்லைக் கழற்றி 17 போடுவார்கள். வேகமானி முன் சில்லிலிருந்து ஓடும் வண்டிகளில், ரயர் சிறிதானதால் முள் உண்மையை விடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிக் காட்டும். பொலிஸுக்கு அதனால் பிரச்சினையில்லை. அவர்கள் பார்ப்பது சைலன்சர், இலக்கத் தகடு, சிக்னல், பக்கக் கண்ணாடி. சுப்பர்மோட்டோக்காரருக்கு இவைதான் முதலில் கழற்றி எறியும் சாமான்கள். பழைய சைலன்சரையும் விளக்குத் தொகுதியையும் விற்பவரிடமிருந்து விலைக்குள் சேர்த்து வாங்குங்கள். ரிம் மாற்றத்தைக் காப்புறுதி எடுக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள்.

காசு கொடுக்கும் நாளில் பதிவு உரிமையாளரே நேரில் நின்று, அடையாள அட்டையோடு எம்.டி.ஏ. 6இல் திகதி போட்டுக் கையொப்பமிட வேண்டும். நீங்கள் புதிய உரிமையாளருக்கான எம்.டி.ஏ. 8 படிவத்தை நிரப்பி உடனேயே கொண்டுபோய்க் கொடுங்கள். புகைச் சான்றிதழை அவரே எடுத்துத் தர வேண்டும் என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பணம் வங்கி மூலம். ஒரு எழுத்து ஒப்பந்தம் செய்து சேசி, எஞ்சின் இலக்கங்களை அதில் எழுதுங்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப்போடும் காலம் 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்தான்.

கடைசியாக, 50,000 ரூபா. விற்க உரித்தில்லாத, பதிவோடு பொருந்தாத வண்டிக்கு வாங்கிய முற்பணத்தை அவர் வைத்திருக்க முடியாது என்பதே உங்கள் வாதம். முதலில் அண்ணாவோடு மரியாதையாகக் கதையுங்கள். சண்டை வேண்டாம், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவும் வேண்டாம், முற்பணம் பற்றி அவர் எழுதிய ஒரு வரி இருந்தாலே பெரிய உதவி. தராவிட்டால் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம். அதற்கும் அசையாவிட்டால், இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. பெரும்பாலும் இந்த அளவு காசு அங்கேயே தீர்ந்துவிடும். காசு முழுதாக வராமல் பாதி வந்தாலும், நிரப்பாமல் கையொப்பமிட்டுக் கொடுத்த அந்தப் படிவத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் திருப்பி வாங்குங்கள். அவர் தொலைந்துவிட்டது என்றால், அதையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்.