பூஜ்யம் என்று சொல்லாமல் ஏன் மூன்று?

வணக்கம் மேடம். எனக்கு 41 வயது, சொந்தமாக ஹார்டுவேர் கடை. கோபம் வந்தால் கத்திவிடுவேன், பெரும்பாலும் ஒன்பதாவது படிக்கும் மகனிடம். அடித்ததில்லை. "அப்படியே உங்க அப்பாதான்" என்பாள் மனைவி. அவள் வற்புறுத்தி ஒரு கவுன்சிலரிடம் போனேன். அப்பா செய்ததையெல்லாம் சொல்லி அழவேண்டியிருக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு போனால், அவர் கேட்டது இது: "இன்று ராத்திரி நீங்கள் தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டது. காலையில் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?" அப்புறம், நிலைமைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றார். மூன்று என்றேன். "பூஜ்யம் என்று சொல்லாமல் ஏன் மூன்று?" என்கிறார். இதற்கா ஃபீஸ்?

- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

சார், அவர் விளையாடவில்லை. அது தீர்வுமையச் சிகிச்சை. ஸ்டீவ் டி ஷேசரும் அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும் 1978இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு மையம் தொடங்கி வளர்த்த முறை. கோபம் ஏன் வருகிறது என்று தோண்டுவதைவிட, வரவேண்டிய இடத்தில் வராமல் போன நாட்களை அதில் துருவுவார்கள். மூன்று என்றீர்களே, அப்படியானால் கத்தாமல் விட்ட சமயங்களும் இருக்கின்றன. அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்தீர்களா, சாப்பிட்டுவிட்டுப் பேசினீர்களா? அது உங்களுக்குத்தான் தெரியும், அவருக்கோ எனக்கோ தெரியாது.

என்னை உறுத்தியது உங்கள் மனைவி சொன்னதுதான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் ஒயிட் என்ற ஆலோசகர், உடுப்பிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளைகளைப் பற்றி 1984இல் எழுதினார். அந்தத் தொல்லைக்கே 'திருட்டு ஆய்' என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் வைத்து, பிள்ளையும் பெற்றோரும் ஒரே கட்சியாக நின்று அதை விரட்டும்படி பேசவைத்தார். நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் கதைவழிச் சிகிச்சை. உங்கள் வீட்டில் கோபத்துக்கு உங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள், கூடவே அப்பா பெயரையும்! அதைப் பிரித்துப் பாருங்கள்: அது எந்த நேரத்தில் வருகிறது, யாரிடம் வாலாட்டுவதில்லை? (கடையில் கடன்காரரிடம் கத்துவீர்களா என்ன?) ஆனால் கத்தியதற்குப் பொறுப்பு உங்களுடையதுதான், அதைக் கோபத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். ஆளைப் பேசவிடாமல் முதல் நாளே அதிசயக் கேள்வியை எடுத்துப் போடும் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் அடுத்த முறை நேராகச் சொல்லுங்கள், இந்த முறையில் அதற்குத் தடை இல்லை.

மகனிடமும் பத்துக்கு எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். ஒன்று என்றால் வாதாடாமல், இரண்டாக என்ன நடக்கவேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.