மாட்டுக்குப் போடும் வலி ஊசியும் மோயாற்றுப் பாறுகளும்

தாளவாடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். போன வருடம் அவருடைய மாடு கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது. ஊரில் ஊசி போடுகிறவர் மெடிக்கலில் வலி ஊசி வாங்கி மூன்று நாள் தொடர்ந்து போட்டிருக்கிறார். மாடு பிழைக்கவில்லை. ஓடைப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது இன்னொரு மாடு முன்னங்கால் முட்டி வீங்கி நொண்டுகிறது. "வலி ஊசி போட்டால் பாறுக் கழுகு செத்துப்போகும் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னார்கள். அதற்காக என் மாடு வலியில் கிடக்கணுமா? எந்த ஊசி போடலாம்? மாடு செத்துப்போனால் எங்கே போடுவது?" என்று கேட்கிறார்.

உங்கள் மாடு வலியில் கிடக்க வேண்டியதே இல்லை. மெலாக்சிகாம் என்றொரு மருந்து இருக்கிறது. மாட்டின் வலியையும் வீக்கத்தையும் நன்றாகவே குறைக்கும். அந்த மாடு நாளைக்கே செத்து, பாறுகள் வந்து தின்றாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கால்நடை மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மெலாக்சிகாம் இல்லையென்றால் டோல்ஃபெனாமிக் ஆசிட் போடலாம், அதுவும் பாறுகளுக்குத் தீங்கில்லாதது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு பெயர்களை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். விஷயம் தெரிந்தால்தான் அவசரத்தில் எதையாவது வாங்கிப் போடாமல் இருப்போம்.

1990-களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் கொத்துக் கொத்தாகக் குறைவதை விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர் கவனித்தார். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும், பிறகு கீழே விழுந்து கிடக்கும். தொற்றுநோயாக இருக்குமோ என்று வைரஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. விடை 2004-ல் பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸும் அவருடன் இருந்தவர்களும் செத்த பறவைகளைத் திறந்து பார்த்தபோது, ஈரல் மேலும் இதயத்தின் உறை மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை படிந்திருந்தது. அது யூரிக் அமிலம். பறவை தன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். சிறுநீரகம் நின்றுபோனால் அது ரத்தத்தில் தேங்கி உறுப்புகள் மேல் உப்புப்போலப் படிந்துவிடும். இப்படிச் செத்த பறவைகளின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது. மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, இறைச்சி வழியாகப் பறவைக்குப் போயிருக்கிறது. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்துபோயின. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

"நான் ஒரு மாட்டுக்குப் போட்டால் என்ன ஆகிவிடும்" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த அழிவு நடக்க எத்தனை சடலங்களில் மருந்து இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 760 சடலங்களுக்கு ஒன்று முதல் 130-க்கு ஒன்று வரை இருந்தாலே போதும் என்று வந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பாறுகள் கூட்டமாகத் தின்னும் பறவை, ஒரு மாட்டின் மேல் பத்து முப்பது உட்காரும். அதோடு ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடச் சில வருடங்கள் ஆகும். ஒரு நாளில் போனதை ஈடுகட்ட அவற்றுக்குப் பல வருடம் வேண்டும்.

இதில் இன்னொன்று இருக்கிறது, பலரும் யோசிக்காதது. ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்ட மாட்டால் பாறுகளுக்கு ஆபத்து இல்லை. டைக்ளோஃபெனாக் சில நாளில் மாட்டின் உடம்பை விட்டுப் போய்விடும். ஆபத்து, ஊசி போட்ட ஓரிரு நாளில் சாகிற மாட்டில்தான். நாம் எப்போது வலி ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம்? இனிப் பிழைக்காது, வலியாவது குறையட்டும் என்று நினைக்கும்போது. அந்தக் கருணையில் தப்பே இல்லை. அந்தக் கடைசி ஊசி என்ன மருந்து என்பதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சரி, மெலாக்சிகாம் பாதுகாப்பானது என்று எப்படித் தெரியும்? நம் நாட்டுப் பாறுகள் மிச்சம் இருந்ததே கொஞ்சம், அவற்றில் சோதித்து இழக்க முடியாது. அதனால் முதலில் தென்னாப்பிரிக்காவில், நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பாறுகளுக்கு மெலாக்சிகாம் கொடுத்துப் பார்த்தார்கள். அவை நன்றாக இருந்த பிறகுதான் இங்கே நம் இனங்களுக்குக் கொடுத்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. ஓர் இனத்துக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடவும் கூடாது. அமெரிக்காவில் பிணம் தின்னும் வான்கோழிக் கழுகுக்கு, நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்குக்கும் மேல் டைக்ளோஃபெனாக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. பார்க்க அதுவும் பாறுபோலத்தான் இருக்கும். மாட்டுக்கு நல்லதா என்று பார்ப்பதோடு அந்த மாட்டைத் தின்னப்போகும் பறவைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மருந்து ஆராய்ச்சி இந்தப் பாறுகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டது.

இனி எதை வாங்கக் கூடாது என்பது. மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை 2006-ல் தடை செய்தார்கள். அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-ல், மனிதர்களுக்கான ஊசியும் 3 மில்லி ஒற்றைக் குப்பியில்தான் வர வேண்டும் என்று ஆக்கினார்கள். போன வருடம் உங்கள் மாட்டுக்கு மெடிக்கலில் வாங்கியது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அசிக்ளோஃபெனாக் என்றால் வேறு மருந்து என்று நினைக்காதீர்கள், மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். கீட்டோப்ரோஃபெனும் பாறுகளைக் கொல்லும். இந்த இரண்டையும் 2023-ல் விலங்குகளுக்குத் தடை செய்தார்கள், அடுத்து நிமெசுலைடையும். ஃப்ளூனிக்ஸினும் வேண்டாம். ஒரு மருந்து கடையில் கிடைக்கிறது என்பதாலேயே பாறுகளுக்கு நல்லது என்று ஆகிவிடாது. குப்பியின் மேல் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைக் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

போன வருடம் செத்த மாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், மனசு கேட்கவில்லை. கன்று போட்ட மறுநாள் படுத்த மாடு என்றால் முதலில் நினைக்க வேண்டியது சுண்ணாம்புச் சத்துக் குறைவை. பால் காய்ச்சல் என்று சொன்னாலும் உடம்பு சுடாது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், கழுத்தை ஒரு பக்கமாக மடித்து விலாவில் தலையை வைத்துப் படுத்திருக்கும், சாணி போடாது. இதற்கு எந்த வலி ஊசியும் வேலை செய்யாது. கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஏற ஏற மாட்டின் தோல் சிலிர்க்கும், ஏப்பம் விடும், சாணி போடும், பல நேரம் பாட்டில் காலியாவதற்குள் எழுந்து நிற்கும். உங்கள் மாட்டுக்கு வந்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அடுத்த முறை மாடு படுத்தால் அன்றைக்கே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள்.

இப்போது நொண்டும் மாட்டுக்கும் அப்படித்தான். முட்டிக்குள் சீழ் வைத்திருக்கிறதா, அடிபட்டதா, குளம்பில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் வலியை மட்டும் அடக்கினால் உள்ளே நோய் வளரும். மெலாக்சிகாம் அளவு பொதுவாகக் கிலோ எடைக்கு அரை மில்லிகிராம், 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். மாடு தண்ணீர் குடிக்காமல் வாடியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்றும் மறக்காமல் கேளுங்கள். ஐரோப்பாவில் 5 நாள் ஒதுக்கச் சொல்கிறார்கள்.

மாடு செத்துப்போனால் என்ன செய்வது? கடைசி ஒரு வாரத்தில் என்ன ஊசி போட்டது என்று தெரியாவிட்டாலும், மேலே சொன்ன கெட்ட மருந்துகளில் ஒன்று என்று தெரிந்தாலும், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆறடிக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடிந்து திடீரென்று செத்திருந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்கவே கூடாது, இழுத்துக்கொண்டும் போகாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். புலி அடித்த மாடாக இருந்தால் வனத்துறைக்குச் சொல்லி இழப்பீடு கேளுங்கள், கோபத்தில் அதில் விஷம் வைத்துவிடாதீர்கள். புலிக்கு முன்னால் பாறுதான் வந்து இறங்கும். மருந்தே போடாமல், நோயில்லாமல் முதுமையில் செத்த மாடு பாறுகளுக்கு நல்ல உணவு. ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோய்ப் போடுவதாக இருந்தால் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓடைக்குத் தெற்கே மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. போன வருட ஊசிக் குப்பி மாட்டுக் கொட்டகையில் எங்காவது செருகி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பெயரைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் என்றிருந்தால் அடுத்த மாட்டுக்கு ஆகும் என்று வைத்திருக்காமல், கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.