சுவெற்றர் சின்னதாகிப் போனது, பின்னலை விட்டுவிடலாமா?

கேள்வி: பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகனுக்கு மாதக்கணக்காக ஒரு சுவெற்றர் பின்னினேன். பின்னல் மாதிரியில் எழுதியிருந்தபடியே, ஊசியில் விழும் கண்ணியையும் வரியையும் எண்ணித்தான் செய்தேன். ஆனால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பொருத்திப் பார்த்தால் மார்புச் சுற்று 60 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 55தான் வருகிறது. நூல் முடிந்து பிறகு வாங்கிய பந்தின் நிறமும் ஒரு சாயல் வேறு. மாமி, "இந்த வெக்கைக்குள்ள கம்பளியோட என்ன வேலை?" என்கிறா. சொந்தக்காரரோ யாருக்குக் குழந்தை பிறந்தாலும் தொப்பி, காலுறை கேட்டு வருகிறார்கள், "நீ சும்மாதானே பின்னுறாய்" என்று. எல்லாவற்றையும் மூட்டை கட்டி அலுமாரிக்குள் வைத்துவிடவா?
— ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம் தங்கச்சி. மாதக்கணக்கான உழைப்பு மடியில் கிடந்து பொருந்தாமல் போகும்போது வரும் வயிற்றெரிச்சல், பின்னுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் கையில் குறை இல்லை. கணக்கைப் பாருங்கள், புரிந்துவிடும்.

உங்கள் மாதிரியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி என்று போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 60 செ.மீ. சுற்றுக்கு 132 கண்ணி. உங்கள் கை சற்று இறுக்கம். அதே 10 செ.மீ.க்குள் 24 கண்ணி விழுந்திருக்கிறது. 132ஐ அந்த இறுக்கத்தில் பின்னினால் 55 செ.மீ.தான் வரும். ஒரு கண்ணியும் தவறவிடாமல் எண்ணியதால்தான் இவ்வளவு துல்லியமாக 5 செ.மீ. குறைந்திருக்கிறது!

அதனால் எதைத் தொடங்கும் முன்னும் அதே நூலில், அதே ஊசியில் ஒரு சாண் சதுரத்துக்கு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதைக் கழுவி, இழுக்காமல் விரித்து உலர்த்துங்கள். காய்ந்த பிறகு நடுப்பகுதியில் அடிமட்டத்தை வைத்து எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகளை நம்ப வேண்டாம். கண்ணி கூடுதலாக வந்தால் அடுத்த பெரிய ஊசி. 4 மி.மீ. இறுக்கினால் 4.5 எடுங்கள். ஊசியின் இலக்கத்திலும் ஒரு கண் இருக்கட்டும். பழைய ஆங்கிலேய முறையில் 8ஆம் இலக்கம் என்றால் 4 மி.மீ., அமெரிக்க முறையில் அதே 8 என்றால் 5 மி.மீ. ஆகும். பின்னல் மாதிரி எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் ஊசி வாங்கினால் உடுப்பே மாறிவிடும்.

நிறம் மாறியதற்குக் காரணம் சாயத் தொகுதி. பந்தின் லேபிளில் நிற இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இலக்கம் இருக்கும். ஒரே நிறம் என்றாலும் வேறு வேறு தடவை சாயத்தில் போட்டால் சாயல் விலகும். கடைக்காரர் எத்தனை பெட்டி திறக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை, ஒரே தொகுதியில், ஒரு பந்து கூடுதலாகவே வாங்கிவிடுங்கள்.

மாமி சொல்வதில் பாதி சரி. பின்னுவது குளிர் நாட்டுப் பிள்ளைக்குத்தான், அதைச் சொல்லுங்கள். ஆனால் வியர்த்த கைக்கு நூல் வழுகாமல் இழுபடும், கை இன்னும் இறுகும். கம்பளியை விடியற்காலைக்கு வைத்துக்கொண்டு, பகலுக்குப் பருத்தி நூல் எடுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போடலாம். கம்பளி போல அது நீண்டு கொடுக்காது என்பதால் விரல் சீக்கிரம் நோகும். கொஞ்ச நேரம் பின்னிவிட்டு எழும்புங்கள். ஊசி வழுக்கிக் கண்ணி கழன்றால் மூங்கில் ஊசிக்கு மாறுங்கள், அது நூலைப் பிடித்துக்கொள்ளும். மருதமுனைக் கைத்தறி நூல் கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய நூல், பல இழைகளைச் சேர்த்தால்தான் பின்னல் ஊசிக்குத் தாங்கும். சேர்க்கும்போது நிறங்களைக் கலந்து பாருங்கள், கடையில் கிடைக்காத நிறமெல்லாம் வரும்.

சொந்தக்காரர் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். இது உங்கள் நேரம். பிறந்த பிள்ளைக்கு ஆசையாக ஒன்று கொடுப்பது வேறு, பிள்ளையின் முப்பத்தோராம் நாளுக்கு முதல் வேண்டும் என்று தவணை வைத்துக் கேட்பது வேறு. "இப்ப கையில ஒரு வேலை இருக்கு, ஏலாது" என்றால் போதும், காரணம் அடுக்க வேண்டியதில்லை. மனம் வந்தவர்களுக்கு மட்டும் பின்னுங்கள். வற்புறுத்துகிறவர்களிடம் நூலையும் கூலியையும் பேசுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

காலுறையில் குதிக்கால் திருப்பும் இடம் நினைவிருக்கிறதா? தட்டையாகப் போய்க்கொண்டிருந்த பின்னல், ஒவ்வொரு வரியையும் முடிக்காமல் பாதியில் திருப்பத் திருப்ப, மெல்லக் குழிந்து ஒரு கிண்ணமாகும். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. எத்தனை சோடி பின்னினாலும் அந்த இடம் வரும்போது எனக்கு எழும்ப மனம் வராது. அதை யாருடைய அவசரத்துக்காகவும் கூலி வேலையாக்கிக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது அந்தச் சுவெற்றர். பிரித்துவிடுங்கள். மனம் நோகும்தான், ஆனால் கம்பளி நூல் வீணாகாது. பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அதை நீளமான கண்டாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வையுங்கள். தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், கம்பளி சிக்கித் திரண்டுவிடும். நிழலில் தொங்கவிட்டால் கச்சான் காற்றில் சுருக்கு விட்டுவிடும். சாயல் வேறான பந்தையும் தள்ளி வைக்க வேண்டாம். தொடக்கத்திலிருந்தே இரண்டு வரி பழைய நூல், இரண்டு வரி புதிய நூல் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நூலை வெட்டாமல் ஓரத்தால் மேலே கொண்டு போகலாம். இரண்டு சாயலும் உடுப்பு முழுக்கப் பரவிக் கலந்துவிடும்.

தொடங்கும் முன் அக்காவுக்கு ஒரு போன் கோல் எடுத்து மகனின் மார்பளவையும் கை நீளத்தையும் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பின்னிய இத்தனை மாதத்தில் அவனும் வளர்ந்திருப்பான்.